மூச்சிறைக்கும் சிசுவின் உடலில் நீரும் உப்பும்

பிராங்கியோலைட்டிஸ் என்று வார்டிலே வழங்கும் மூச்சு நுண்குழல் அழற்சி, பெரும்பாலும் ஒரு வயது நிரம்பாத சிசுக்களையே பற்றுவது, ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸே அதற்குத் தலையாய காரணம். மூச்சுத் திணறலின் அளவை மதிப்பிடுவதற்கும் பிராணவாயு கொடுப்பதற்கும் உரிய முறைகளை முந்திய அத்தியாயங்களில் கண்டோம். விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குவதையும், மூக்குத் துவாரங்கள் விரிந்து சுருங்குவதையும், ஆக்ஸிஜன் மானியில் ஏறியிறங்கும் எண்ணையுமே நாம் பார்த்துக்கொண்டிருக்கையில், நம் கண்ணுக்குத் தப்பி அச்சிசுவின் இரத்தத்தில் நீர் மிகுந்து, உப்பின் செறிவு குறைந்துபோகும் அபாயம் ஒன்றுண்டு. அதை அறிவதும், வருமுன் தடுப்பதும், வந்தபின் திருத்துவதும் இவ்வத்தியாயத்தின் விஷயம். இந்த அபாயம் நோயினால் தோன்றுவதாயினும் நம் கையால் ஏற்றப்படும் டிரிப்பினாலேயே பெருகுகிறது என்பதால், மற்றெல்லாச் சிக்கல்களைக் காட்டிலும் இதில் நம் பொறுப்பு அதிகம்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் இடத்திலே உண்டாகி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்மடலிலே சேமிக்கப்பட்டு, வேண்டும்போது இரத்தத்தில் விடப்படும் வாசோபிரஸின் என்னும் ஹார்மோன், ஒன்பது அமினோ அமிலங்களாலான மிகச் சிறிய பொருள். சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களை அடைந்து, வெளியேறவிருக்கும் நீரை மீட்டு இரத்தத்துக்கே திருப்பியனுப்புவது அதன் தொழில். உடம்பில் நீர் குறைந்து இரத்தத்தின் அடர்த்தி நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலும் அது சுரக்கும். நீர் மிகுந்து அடர்த்தி தணிந்தால் சுரப்பு நின்று, சிறுநீர் தாராளமாகப் பிரியும். ஆரோக்கியமான சிசுவின் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்ற குறுகிய எல்லைக்குள் நிலைபெறுவது இந்த ஏற்பாட்டினால்தான்.

ஆனால் இரத்தத்தின் அடர்த்தியொன்றே இந்த ஹார்மோனை ஆள்வதில்லை. இதயத்துக்கு வந்து சேரும் இரத்தத்தின் கன அளவையும் உடம்பு இடைவிடாது அளந்துகொண்டிருக்கிறது. அது குறைந்துவிட்டதாகத் தோன்றினால், அடர்த்தி எவ்வாறிருப்பினும் வாசோபிரஸின் சுரந்தே தீரும். பிராங்கியோலைட்டிஸில் நிகழ்வது இதுவே. நுண்குழல்களின் உட்சுவர் வீங்கிச் சளியாலும் உதிர்ந்த செல்களாலும் அடைபடுவதால் உட்சென்ற காற்று வெளியேற வழியின்றித் தேங்குகிறது. நுரையீரல் அளவுக்கு மீறி விரிந்து நெஞ்சறையின் உள்ளழுத்தம் கூட, இதயத்தின் இடது மேலறையை நிரப்பும் இரத்தம் குறைகிறது. அங்குள்ள உணர்நரம்புகள் உடம்பில் இரத்தமே வற்றிவிட்டதென்று மூளைக்குத் தவறான செய்தி அனுப்புகின்றன. பிராணவாயுக் குறைவு, குமட்டல், வலி, ஊசிக்கும் புதியவர்க்கும் அஞ்சும் அச்சம் ஆகியவையும் அதே ஹார்மோனைத் தூண்டுவன. 1990-இல் வெளிவந்த ஆய்வுகள் இச்சிசுக்களின் இரத்தத்தில் வாசோபிரஸின் மிகுந்திருப்பதையும், இரத்தக் குறைவை உணர்ந்த உடம்பு சுரக்கும் ரெனினும் கூடவே உயர்ந்திருப்பதையும் காட்டின. சுரப்பியிலே கோளாறு இல்லை. வந்த செய்திக்கு ஏற்ற பதிலையே அது தருகிறது. எனவே சுரப்பிக்குச் சிகிச்சை தேடாமல், மூச்சு சீர்ப்பட்டுச் செய்தி திருந்தும் வரையில் நீரின் வரவை நாமே கட்டுப்படுத்துவதுதான் முறை.

இவ்விடத்திலே சிறிது வரலாற்றை நோக்குவது பயன்தரும். 1956-இல் சளிபிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடம் முதன்முதல் கண்டெடுக்கப்பட்ட வைரஸையே, 1957-இல் ராபர்ட் சானக்கும் அவர் துணைவரும் சுவாச நோயுற்ற சிசுக்களிடமிருந்து பிரித்தெடுத்தனர். அதுவே இன்றைய ஆர்.எஸ்.வி. அதே 1957-இல் ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் முதலியோர், நுரையீரல் புற்றுநோயுற்ற இருவரிடம் தேவையில்லாத நேரத்தில் இந்த நீர்காப்பு ஹார்மோன் சுரந்து சோடியம் தாழ்ந்ததை விவரித்தனர். அதே ஆண்டிலேயே ஹாலிடே, ஸீகர் என்னும் இரு மருத்துவர்கள், வாயால் உண்ண இயலாத குழந்தைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் ஏற்றலாமென்பதற்கு, முதற் பத்துக் கிலோ எடைக்குக் கிலோவுக்கு 100 மில்லிலிட்டர், அடுத்த பத்துக் கிலோவுக்குக் கிலோவுக்கு 50, அதற்கு மேற்பட்டதற்குக் கிலோவுக்கு 20 என்று, எவரும் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய எளிய கணக்கை வகுத்துத் தந்தனர். தாய்ப்பாலிலும் பசும்பாலிலும் உள்ள உப்பின் அளவை ஒட்டி, அந்நீரில் லிட்டருக்கு 30 மில்லிமோல் சோடியம் போதுமென்றும் கூறினர். இம்மூன்று செய்திகளும் ஓராண்டிலேயே அச்சேறியும், மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கண் நமக்கு வாய்க்க நெடுங்காலமாயிற்று. ஹாலிடே–ஸீகர் கணக்கு, நீரை வேண்டியபடி வெளியேற்ற வல்ல சிறுநீரகத்தை எண்ணிச் செய்த கணக்கு. வாசோபிரஸின் வழியடைத்து நிற்கும் சிசுவுக்கு அதை அப்படியே பிரயோகித்தால், உட்சென்ற நீர் உள்ளேயே தங்கும்.

எந்த நீர் என்பதும் எவ்வளவு நீர் என்பதைப் போலவே முக்கியமானது. நார்மல் செலைன் எனப்படும் 0.9 சதவீத உப்புநீரில் லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம் உண்டு. பல தலைமுறைகளாகக் குழந்தைகளுக்கென்றே வழங்கிவந்த 0.18 சதவீத உப்புக் கலந்த குளுக்கோஸ் நீரில் இருப்பது 30 மட்டுமே. நம் நாட்டுக் குழந்தை வார்டுகளில் வெகுவாகப் புழங்கிய ஐசோலைட்-பி பாட்டிலில் சுமார் 25. குளுக்கோஸ் உடம்பிலே எரிந்துபோன பிறகு, இத்தகைய பாட்டிலில் ஐந்தில் நான்கு பங்கு உப்பற்ற வெறும் நீராகவே நிற்கிறது. 1992-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், அதுவரை நலமாயிருந்து மருத்துவமனையில் இத்தகைய நீர் ஏற்றப்பட்டதால் சோடியம் தாழ்ந்து மாண்ட அல்லது மூளை பழுதுற்ற பதினாறு குழந்தைகளின் விவரம் வெளிவந்தது. 2003-இல் லண்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு, கடுமையான ஆர்.எஸ்.வி. நோயோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த சிசுக்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு வரும்போதே சோடியம் குறைந்திருந்ததையும், பத்தில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோருக்கு அது 130-க்கும் கீழே போயிருந்ததையும், சிலருக்கு வலிப்பே வந்திருந்ததையும் கணக்கிட்டுக் காட்டியது. பிரிட்டன் 2007-இல் 0.18 சதவீத நீரைப் பொதுக் குழந்தை வார்டுகளிலிருந்து அகற்றும்படி எச்சரிக்கை விடுத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018-இல், பிறந்து 28 நாள் கடந்த குழந்தைகளுக்குப் பராமரிப்பு நீராக இரத்தத்துக்கு ஒத்த உப்புச் செறிவுள்ளதையே ஏற்றவேண்டுமென்று விதித்தது. ஒரு எளிய கணக்கின் மறுபக்கத்தை உணர்ந்து விதியை மாற்ற அறுபதாண்டுகள் சென்றன என்பதை எண்ணும்போது, இன்றும் பழைய பாட்டிலைப் பழக்கத்தினால் மாட்டும் கை எதுவாயினும் அதைத் தடுத்து நிறுத்தவேண்டுமென்றே தோன்றுகிறது.

சோடியம் தாழும்போது இரத்தத்தைவிடச் செல்களின் உட்புறம் அடர்ந்திருப்பதால் நீர் செல்களுக்குள் புகுந்து அவை வீங்குகின்றன. மற்ற உறுப்புகள் இதைத் தாங்கும். கபாலத்துக்குள் அடைபட்டிருக்கும் மூளை தாங்காது. மண்டையோட்டின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் குழந்தையின் மூளை பெரியவர் மூளையினும் பெரிது. ஆதலால் வீங்குவதற்கு மிச்சமுள்ள இடம் குறைவு. பிராணவாயு குறைந்திருக்கும் நேரத்தில் மூளைச் செல்கள் உப்பை வெளியேற்றித் தம்மைக் காத்துக்கொள்ளும் திறனும் குன்றுகிறது. முதலில் தோன்றும் லட்சணங்களோ நம்மை ஏமாற்றுவன: சோர்வு, சிணுங்கல், வாந்தி, பால் குடிக்க மறுத்தல். மூச்சிறைக்கும் சிசுவிடம் இவையெல்லாம் நெஞ்சு நோயினாலேயே உண்டாகக்கூடியவையாதலின் எவரும் ஐயுறுவதில்லை. உச்சிக்குழி புடைத்தல், மூச்சு இடையிடையே நின்றுபோதல், கண்கள் ஓரிடத்தில் நிலைத்தல், கைகால் வெட்டியிழுத்தல் ஆகியவை தோன்றும்போது நோய் முற்றியிருக்கும். காய்ச்சலினால் வரும் வலிப்பு ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களுக்கு அபூர்வம். ஆகவே பிராங்கியோலைட்டிஸோடு படுத்திருக்கும் நான்கு மாதச் சிசு வலிப்புற்றால் ஜுரவலிப்பு என்று ஒதுக்கிவிடாமல், இரத்தச் சர்க்கரையையும் சோடியத்தையும் அக்கணமே பார்க்கவேண்டும்.

இனிப் படுக்கையருகே செய்யவேண்டிய காரியங்களுக்கு வருவோம். இவற்றுள் தலையாயது எடை பார்த்தல். சேர்க்கும்போது உடைகளைந்து ஒரு முறையும், பிறகு நாள்தோறும் அதே தராசில் அதே வேளையிலும் சிசுவை நிறுத்து, சீட்டில் எழுதவேண்டும். இதைக் கூறுவதற்குத் தனிக் காரணம் உண்டு. வாசோபிரஸின் சுரக்கும் சிசுவுக்குச் சிறுநீர் குறையும். நீர் வற்றிய சிசுவுக்கும் சிறுநீர் குறையும். இரண்டிலும் சிறுநீர் அடர்ந்தே இருக்கும். வாயால் மூச்சு விடுவதனால் நாக்கும் இரண்டிலும் உலர்ந்திருக்கும். நள்ளிரவில் "பிள்ளை மூத்திரமே போகலே" என்று தாய் பதறி வந்து சொல்ல, அனுபவம் குறைந்த மருத்துவர் நீர் வற்றியதென்று முடிவுகட்டி டிரிப்பின் வேகத்தைக் கூட்டும் இடமே இந்நோயில் மிகப் பெரிய அபாயம் நுழையும் வாசல். எடையோ பொய் சொல்வதில்லை: சோடியம் குறைந்து எடை கூடியிருந்தால் நீர் தங்கியிருக்கிறது, சோடியம் குறைந்து எடையும் குறைந்திருந்தால் உப்பும் நீரும் இழக்கப்பட்டுள்ளன. இந்நோயில் நீர் செல்களுக்குள் பரவிப் போவதால் காலிலும் முகத்திலும் வீக்கம் தெரிய வேண்டுமென்பதில்லை. வீக்கமில்லாமையை நீர்மிகுதியின்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

ஒரே சிசுவிடம் இவ்விரு நிலைகளும் வெவ்வேறு நாளில் காணப்படலாம் என்பதையும் நினைவில் இருத்தவேண்டும். இரண்டு மூன்று நாள் பால் சரியாகக் குடியாமல், காய்ச்சலும் வேகமான மூச்சும் ஈரத்தைப் பறிக்க, வாடிய முகத்தோடு வந்து சேரும் சிசு மெய்யாகவே வற்றியிருக்கக்கூடும். கைகால் குளிர்ந்து, தோலை அழுத்தி விட்டால் இரத்தம் திரும்ப மூன்று விநாடிக்கு மேற்படுமாயின், கிலோவுக்கு 10 மில்லிலிட்டர் நார்மல் செலைன் செலுத்தி மீண்டும் பரிசோதிப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. அந்த இழப்பை ஈடுசெய்தபின், ஈரமூட்டிய பிராணவாயு மூக்கு வழியே செல்லத் தொடங்கியதும் மூச்சினால் ஏற்படும் நீரிழப்பு வெகுவாகக் குறைகிறது. வாசோபிரஸினோ உயர்ந்தே நிற்கிறது. முதல் நாளின் வேகத்தை இரண்டாம் நாளும் மாற்றாமல் விட்டால் நீர் தேங்கத் தொடங்கும். ஆதலால் நீரளவை ஒருமுறை எழுதிவைத்து மறந்துவிடாமல், காலை மாலை இருவேளையும் புதிதாக யோசித்து எழுதவேண்டும்.

துணியை உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் நிறுத்து வித்தியாசத்தைக் கொண்டால் சிறுநீரின் அளவு கிடைக்கும். ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர் என்பது கணக்கு. டிரிப் வழியே நீர் பெறும் ஒவ்வொரு சிசுவுக்கும் தொடக்கத்திலும், பின்னர் நாளொன்றுக்கு ஒரு முறையேனும், சோடியமும் சர்க்கரையும் பரிசோதிக்கப்படவேண்டும். டிரிப் ஓடும் கையிலிருந்து இரத்தம் எடுக்கலாகாது. ஓடும் நீர் கலந்து எண் பிழைபடும். நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்கும் இலேசான நோயாளிச் சிசுவை இதற்காக ஊசியால் குத்தவேண்டிய அவசியம் இல்லை.

அளவைப் பொறுத்தவரை, மேற்சொன்ன ஹாலிடே–ஸீகர் கணக்கில் பாதி முதல் ஐந்தில் நான்கு பங்கு வரை என்பது இன்றைய வழக்கம். பெரும்பாலோர் மூன்றில் இரண்டு பங்கிலே நிற்கின்றனர். ஆறு கிலோ எடையுள்ள சிசுவுக்கு முழுக் கணக்கு நாளைக்கு 600 மில்லிலிட்டர், மணிக்கு 25. மூன்றில் இரண்டு பங்கென்றால் நாளைக்கு 400, மணிக்குச் சுமார் 17. இந்த எண்ணில் வாய் வழி, குழாய் வழி, நரம்பு வழி, மருந்து கலக்கப் பயன்பட்ட நீர், ஊசிக்குப்பின் குழாயைக் கழுவிய நீர் எல்லாம் அடங்கவேண்டும். சிறு சிசுக்களிடம் இந்தச் சில்லறை நீரே கூடி ஒரு நாளின் கணக்கைக் குலைத்துவிடுவதுண்டு. ஏற்றப்படுவது 5 சதவீத குளுக்கோஸ் கலந்த நார்மல் செலைனாக இருக்கவேண்டும். குளுக்கோஸ் இல்லாவிடில் சிசுவின் சர்க்கரை தாழும்.

இவ்வளவும் டிரிப் தவிர்க்க முடியாதபோது. தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே உத்தமம் என்பது என் துணிபு. மூச்சு வேகத்தால் வாய்வழிப் பால் புரையேறுமென்று அஞ்சும் நிலையில், மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாய் மூலம் தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 759 சிசுக்களைக் கொண்டு நடத்தி 2013-இல் வெளியிட்ட பரிசோதனையில், மூக்குக் குழாய் வழி நீர் பெற்றவர்களும் நரம்பு வழி பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே காலம் மருத்துவமனையில் தங்கினர். ஆனால் முதல் முயற்சியிலேயே வெற்றி கண்டது மூக்குக் குழாயே. சிசுவின் கையிலே நரம்பு தேடிப் பலமுறை குத்தும் வேதனை குறைவதோடு, குடல் வழியே தாயின் பாலே செல்வதும் பெரிய லாபம். ஆயினும் பாலிலும் உப்பு சொற்பமே. ஆகையால் குழாய் வழிப் பாலுக்கும் மேற்சொன்ன அளவுக் கட்டுப்பாடு பொருந்தும். மூச்சுத் தளர்ந்து செயற்கைச் சுவாசம் வேண்டிவருமோ என்ற நிலையில் மட்டும் குழாயை நிறுத்தி டிரிப்புக்கு வரவேண்டும்.

சோடியம் குறைந்திருப்பது தெரிந்தும் வலிப்போ மயக்கமோ இல்லையெனில், சிகிச்சை நீரைக் குறைப்பதே. பாதி அளவுக்குக் கொண்டுவந்து, ஆறு மணிக்கொருமுறை சோடியம் பார்த்தால் பெரும்பாலும் அது தானே ஏறிவரும். இவ்விடத்தில் நார்மல் செலைனைக் கூடுதலாக ஏற்றிச் சரிசெய்ய நினைப்பது தவறு. வாசோபிரஸின் மிகுந்துள்ள சிறுநீரகம் ஏற்றிய உப்பை அடர்ந்த சிறுநீரில் வெளியேற்றிவிட்டு நீரை மட்டும் இருத்திக்கொள்ள, சோடியம் முன்னிலும் தாழக்கூடும். சமவுப்பு நீர் குறைபாடு வராமல் காப்பதேயன்றி வந்ததை மாற்றும் மருந்தாகாது.

வலிப்பு வந்துவிட்டால் காத்திருக்க நேரமில்லை. 3 சதவீத உப்புநீரைக் கிலோவுக்கு 2 மில்லிலிட்டர் வீதம், ஆறு கிலோச் சிசுவுக்கு 12 மில்லிலிட்டர், பத்து நிமிஷத்தில் செலுத்தவேண்டும். வலிப்பு நிற்காவிடில் மீண்டும் ஒருமுறை, இன்னும் வேண்டுமாயின் மற்றொருமுறை. சோடியம் நான்கைந்து மில்லிமோல் ஏறினாலே மூளையின் அழுத்தம் தணிந்து வலிப்பு நிற்பது வழக்கம். வலிப்புக்கு வழங்கும் மருந்துகள் இங்கே எளிதில் பலிப்பதில்லை. அவற்றை ஒன்றன்மேலொன்றாகக் கொடுத்தால், ஏற்கெனவே களைத்த சுவாசம் நின்றுபோகும் அபாயமுண்டு. வலிப்பு நின்றபின் அவசரம் கூடாது: ஒரு நாளில் எட்டு முதல் பத்து மில்லிமோலுக்கு மேற்படாமல், எந்நிலையிலும் பன்னிரண்டைத் தாண்டாமல் சோடியத்தை ஏற்றவேண்டும். விரைந்து ஏற்றினால் மூளைத்தண்டின் நரம்புறைகள் சிதைந்து, தப்பிய சிசு முடமாகக்கூடும். இச்சிகிச்சை தீவிர சிகிச்சைப் பிரிவின் துணையோடு நடக்கவேண்டியது. முதல் அளவு உப்புநீர் மட்டும், சிசு எங்கே இருக்கிறதோ அங்கேயே கொடுக்கப்படவேண்டியது.

நோய் தணியும் நேரம் வந்ததும் சிசுவின் சிறுநீர் ஒருநாள் திடீரெனப் பெருகும், துணிகள் மாற்றி மாற்றி நனையும், எடை இறங்கும். காற்றுத் தேக்கம் குறைந்து, இதயம் முறையாக நிரம்பி, வாசோபிரஸின் விலகிவிட்டதன் அடையாளம் இது. அன்றே கட்டுப்பாட்டைத் தளர்த்தித் தாய்ப்பாலுக்கு விட்டுவிடலாம்.

குழந்தையுடன் தங்கியிருக்கும் உறவினருக்கும் இவற்றை எடுத்துச் சொல்லவேண்டும். "இன்னொரு பாட்டில் ஏத்துங்க டாக்டர், பிள்ளை தெம்பில்லாம கிடக்குது" என்று பாட்டிமார் கேட்பது அன்பினால். டிரிப்பின் நீரும் அளவறிந்து கொடுக்கவேண்டிய மருந்தென்பதையும், குறைத்திருப்பது சிக்கனத்தினாலன்று, மூளையைக் காக்கவே என்பதையும் பொறுமையாக இரண்டு வார்த்தையில் விளக்கினால் அவர்கள் புரிந்துகொள்கின்றனர். விளக்காவிட்டால், நாம் இல்லாத நேரத்தில் பாலாடையில் தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் புகட்டப்படும்.

வீடு திரும்பும் தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள்: ஆறு மாதம் நிறையும் வரையில் பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர வெறும் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், பார்லிக் கஞ்சித் தண்ணீர் எதுவும், சளியும் காய்ச்சலும் உள்ள நாளில் சிறப்பாக, கொடுக்காதீர்கள், மாவுப்பால் கொடுக்க நேர்ந்தால் டப்பாவில் குறித்த அளவுக்கு மேல் தண்ணீர் சேர்த்து நீட்டாதீர்கள், மூச்சிறைக்கும் பிள்ளை அளவு மீறித் தூங்கினாலும், தொடர்ந்து வாந்தி எடுத்தாலும், கண் நிலைகுத்தினாலும் விடியட்டுமென்று காத்திராமல் உடனே எடுத்துக்கொண்டு வாருங்கள்.